ஆற்றுவாயும் நியாயப் புள்ளியும்

மாரி தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கண்டால் கேட்கும் கேள்வி, "ஆத்துவாய் வெட்டியாச்சா?" என்பதுதான். மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றே சொல்வோம். அது கடலோடு சேரும் இடத்தைக் கோடை முழுக்க மணல் அடைத்துக் கிடக்கும். மழை பெய்து, மேற்கிலிருந்து வெள்ளம் இறங்கி, ஆறு ஏறத் தொடங்கியதும் அந்த மணலை வெட்டிவிட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில்தான் சண்டை. ஆறு ஏறினால் மேற்குக் கரையான படுவான்கரையில் வெள்ளாமை நீருக்குள் தாழும். வயல் செய்கிறவர்கள் வேளைக்கே வெட்டச் சொல்வார்கள். இறால் வளர்வதற்கு முன் வெட்டினால் அதுவும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். ஆற்றில் மீன்பிடித் தொழில் செய்கிறவர்கள் பொறுக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு வருடமும் மாவட்டச் செயலகமான கச்சேரியில் கூட்டம் நடக்கும். யாருக்கு யாரைத் தெரியுமோ, யார் அதிகம் பேரைக் கூட்டி வந்தார்களோ, அவர்கள் பக்கம் முடிவு விழும்.

நான் கல்லடியில் ஆற்றோரத்தில் பிறந்தவள். அப்பா தோணியில் தொழில் செய்தார். அவருக்குப் பிறகு அண்ணன் செய்கிறார். நான் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியலை ஒரு பாடமாகப் படித்து, அபிவிருத்தி உத்தியோகத்தராக அரச கந்தோர் ஒன்றில் சேர்ந்தேன். படித்த படிப்புக்கும் செய்த வேலைக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை. கூட்டத்துக்குக் கதிரை அடுக்கினேன், வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கினேன், அறிக்கை தட்டச்சு செய்தேன். ஆகவே, திட்டமிடல் பிரிவுக்குப் புதிதாக வந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, நீங்க படிச்சதுக்கு ஒரு வேலை இரிக்கு" என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரியாதையாக அவரை நாங்கள் சேர் என்போம். செருப்போடு சேற்றில் இறங்கி நடப்பார். யார் வீட்டிலும் பரிசு வாங்கமாட்டார். அப்படிப்பட்ட ஒருவரின் கீழ் அதற்கு முன் நான் வேலை செய்ததில்லை.

அவருடைய யோசனை எளிமையானது. இரண்டு கரையிலும் எவ்வளவு நட்டம் வரும் என்பதை ஆளுக்கொரு விதமாகக் கத்தாமல், அளந்து, ஒரே அளவுகோலில் போட்டுப் பார்ப்பது. ஆற்றின் மட்டத்தைப் பார்க்கப் பல இடங்களில் அளவுப் பலகை நடுவது. வயலில் எவ்வளவு தாழும், ஆற்றில் எவ்வளவு மீன் பிடிபாடு போகும் என்று வாராவாரம், கிழமைக்குக் கிழமை பதிவது. வெட்டினால் கூடுதலாகப் பாதிக்கப்படுவது யார், வெட்டாவிட்டால் யார் என்பதைக் கணக்கிட்டு ஒரு புள்ளியாக எடுத்து, அதன்படி வெட்டும் நாளைத் தீர்மானிப்பது. அதற்கு அவர் வைத்த பெயர் நியாயப் புள்ளி.

"கத்தத் தெரியாத ஆக்களுக்கும் ஒரு குரல் வேணும். அந்தக் குரல்தான் தரவு" என்றார். அந்த வசனத்தை நான் வீட்டுக்கு வந்து கணவரிடமும் சொன்னேன், அண்ணனிடமும் சொன்னேன்.

ஆற்றுப் பக்கத்துத் தரவுக்கு என்னையும் வயல் பக்கத்துக்கு இன்னொருத்தியையும் நியமித்தார்கள். அவள் படுவான்கரையைச் சேர்ந்தவள், விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையமொன்றில் வேலை. என் வயதுதான். மண்முனைப் பாலத்தால் அவளுடைய ஸ்கூட்டியில் இரண்டு பேருமாகப் போவோம். அவள் வயல் வட்டைக்குள் அளக்கும்போது நான் நாடாவின் மறுமுனையைப் பிடிப்பேன். நான் மீன் நிறுக்கும்போது அவள் எழுதுவாள். ஒரு சோற்றுப் பெட்டியில் இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கிறோம். அவளுடைய வீட்டில் பலமுறை தேத்தண்ணி குடித்திருக்கிறேன். அவளுடைய தம்பி முற்றத்தில் உழவு இயந்திரம் கழுவிக்கொண்டிருப்பான், என்னைக் கண்டால் சிரித்துக்கொண்டே, "அக்கா, இந்த வருசம் ஆத்தக் கொஞ்சம் அடக்கி வைங்க" என்பான்.

அவளோடு போய்த்தான் வயல்காரரின் கவலையை நான் கண்ணால் கண்டேன். முந்தைய மாரியில் தாழ்ந்து போன வெள்ளாமையின் படங்களைத் தொலைபேசியில் காட்டினார்கள். நெல் தாள்கள் அழுகிக் கறுத்து, தண்ணீருக்கு மேல் நுரை கட்டி நின்றது. ஒரு பெண் படத்தைக் காட்டிவிட்டுத் தன் தொலைபேசியைத் திரும்ப வாங்காமலே வீட்டுக்குள் போய்விட்டாள். அதுவரை வயல்காரர் என்றால் நிலச்சொந்தக்காரப் போடிமார், பெரிய வாய்க்காரர் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு.

ஒரு பின்னேரம் நாங்கள் இருவரும் ஆற்றோரத்துப் பழைய அணையின் மேல் நடந்தோம். அணைக்கு உள்ளே வட்டை. வெளியே, ஆற்றின் பக்கமாக, பச்சைப் பசேலென்று இன்னொரு நீளத் துண்டு வயல். அது யாருடையது என்று கேட்டேன்.

"இது ஆத்துட காணிகா. முன்னம் இதில கண்டல் மரம் நிண்டது. ஆறு வத்தின காலத்தில ஆக்கள் வெட்டிப் பிடிச்சிட்டாங்க, ஒருத்தருக்கும் காணி உறுதிப்பத்திரம் இல்ல" என்றாள்.

"இதயும் அளக்கணுமா?"

"அளந்தா ஒவ்வொரு வருசமும் நாங்கதான் பாவம் எண்டு வரும். ஆறு கொஞ்சம் ஏறினாலும் முதல்ல தாழுறது இதுதானே. சேர்க்கப்படாது. அது ஞாயமில்ல."

அவள் வயல் பக்கத்துக்காரி. அவளாகவே அதைச் சொன்னாள். அந்த நேரத்தில் அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. பதிலுக்கு நான் என் பக்கத்துச் சிக்கலைச் சொன்னேன். ஆற்றில் தோணியும் வலையும் உள்ளவர்கள் மீனவர் சங்கத்தில் பதிந்திருக்கிறார்கள். ஆனால் கரையோரமாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் எந்தப் பதிவிலும் இல்லை. அவர்களை எப்படிச் சேர்ப்பது?

"தோணி இல்லாட்டி ஆக்கள் இல்லயா? எழுதுகா. முதல்ல பட்டினி கிடக்கிறது அவங்கதானே" என்றாள்.

ஆட்களை இணங்கவைக்கும் வேலை அதன் பிறகுதான் தொடங்கியது. அண்ணன் எங்கள் பக்கத்துச் சங்கத்தின் செயலாளர். அவர் சம்மதித்தால் மற்றவர்கள் சம்மதிப்பார்கள், காத்தான்குடிப் பக்கத்துச் சங்கமும் தரவு தரும். அவரோ கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"தங்கச்சி, நீ கேக்கிறது என்னெண்டு தெரியுமா உனக்கு? எங்க வலை போட்டம், என்ன பட்டது எண்டு நாங்க கூடப்பிறந்தவனுக்கும் சொல்றல்ல."

"எங்க போட்டீங்க எண்டு வேணாம் அண்ணே. எவ்வளவு பட்டது எண்டு மட்டும். அது தெரிஞ்சாத்தானே வெட்டினா எவ்வளவு போகுது எண்டு காட்டலாம். இல்லாட்டி ஆத்தில ஒண்டுமில்ல எண்டு எழுதிருவாங்க."

"நல்லாப் பட்டா நல்லாப் பட்டது எண்டு எழுதுவாய்?"

"ஓம்."

"மறுகா அத வச்சு எங்களுக்கே அடிச்சா?"

"எழுதினத ஒருத்தரும் மாத்தேலா அண்ணே. என்ட கையிலதான் இரிக்கும்."

அவர் ஒரு கண்ணியைப் பொத்தி முடித்தார். பிறகு ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு, "உனக்காகச் சொல்றன்" என்றார். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, உள்ளது உள்ளபடி சொல்லுங்கள் என்று அத்தனை பேரிடமும் கேட்டுக்கொண்டார். அவர்களும் சொன்னார்கள். ஒருவர் கூடக் குறைத்துச் சொல்லவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நிறுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். மணலை மீன், ஓரா மீன், நண்டு, இறால் என்று வேறு வேறாக நிறுத்தார்கள்.

இறால் தடவும் பெண்களில் ஒருத்தி எனக்குப் பள்ளியில் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தவள். சாதாரணதரப் பரீட்சை எழுதாமல் நின்றுவிட்டாள். அவளும் இன்னும் சில பெண்களும் காலையில் ஒரு பானையைப் பக்கத்தில் மிதக்கவிட்டுக்கொண்டு இறங்குவார்கள். நான் தராசோடு போய் நின்றதும் சிரித்தாள்.

"எங்கள எழுதி என்ன செய்யப் போறாய்? சங்கத்திலயே எங்கட பேர் இல்ல."

"அதுக்குத்தான் எழுதுறன்."

முதல் நாள் நிறுத்து முடிந்ததும், எங்கே எழுதினாய் காட்டு என்றாள். தொலைபேசித் திரையில் அவளுக்குரிய வரியைக் காட்டினேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, தொடாமல், விரலை மேலாக வைத்து வாசித்தாள். பிறகு மற்றப் பெண்களையும் கூப்பிட்டாள். எல்லாரும் தங்கள் தங்கள் வரியைக் கேட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி, "இது பெரிய கந்தோருக்கெல்லாம் போகுமா?" என்று கேட்டாள். போகும் என்றேன்.

மழை வந்தது. நல்ல மழை. ஆறு ஏறியது. அளவுப் பலகைகளின் படம் தினமும் எங்கள் வட்ஸ்அப் குழுவில் விழும். வெள்ளிக்கிழமைகளில் நான் எல்லாத் தரவையும் ஒன்றாகச் சேர்த்துப் புள்ளியைக் கணிப்பேன். வயலுக்குத் தண்ணீர் கிட்ட வந்துகொண்டிருந்தது. ஆனால் பழைய அணையைத் தாண்டவில்லை. இறால் இன்னும் சின்னது. கணக்கு, பொறு என்றே சொன்னது. அண்ணனிடம், "இந்த முறை அவசரப்பட மாட்டாங்க" என்றேன். அவர் அதைச் சங்கத்தில் சொன்னார். தொழிலுக்குப் போகிறவர்களின் முகத்தில் வழக்கமான மாரிக் கலவரம் இல்லை. காத்தான்குடிப் பக்கத்துச் சங்கத் தலைவர் என்னை வீதியில் கண்டு ஸ்கூட்டரை நிறுத்தி, "நல்ல வேல செய்றீங்க மகள்" என்றுவிட்டுப் போனார்.

கூட்டத்துக்கு முந்தைய கிழமை என் மகளுக்குக் காய்ச்சல். டெங்கு என்று பயந்து ஆஸ்பத்திரியில் தங்கவைத்து மறித்துவிட்டார்கள். நான் கூட நின்றேன். கணக்குக் கோப்பை வயல் பக்கத்துத் தோழிக்கு அனுப்பி, கடைசிக் கிழமையை மட்டும் சேர்த்துச் சேரிடம் கொடுத்துவிடும்படி சொன்னேன். அவள் சனிக்கிழமை பிள்ளையைப் பார்க்க வந்தாள். தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டு வந்தாள். கட்டிலில் அமர்ந்து மகளின் காலைப் பிடித்துவிட்டாள். சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாம் சேர்த்திட்டயா?" என்று கேட்டேன்.

"ஓம் ஓம். நீ அத யோசியாத. பிள்ளையப் பார்."

போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். களைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

கூட்டத்தன்று மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நேரே கச்சேரிக்குப் போனேன். மண்டபத்தின் ஒரு பக்கம் வயல்காரர், மறுபக்கம் தொழிலாளர். தோழி முன் வரிசையில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் எனக்குக் கதிரை போட்டிருந்தது. சேர் எழுந்து, இந்த முறை வாய்ச்சண்டை இல்லை, தரவு பேசும் என்று தொடங்கினார். திரையில் எங்கள் கோப்பு விரிந்தது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. நிறமெல்லாம் நான் போட்ட நிறம்தான். தலைப்பெல்லாம் என் தலைப்புத்தான். ஆனால் வரைபடத்தில் வயல் பக்கத்து நட்டத்தைக் காட்டும் தூண் உயர்ந்து நின்றது, ஆற்றுப் பக்கத்துத் தூண் குட்டையாக இருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். கையால் இறால் பிடிக்கும் பெண்களின் வரிகள் ஒன்றும் இல்லை. வயல் பக்கத்தில் புதிதாக ஒன்று இருந்தது: அணைக்கு வெளியே உள்ள கரையோரக் காணி. அது முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டதாகச் சிவப்பில் காட்டியது.

சேர் பேசிக்கொண்டே போனார். "ஆத்துத் தொழிலாளருக்கு இந்த வருசம் நல்ல பிடிபாடு. இது அவங்களே தந்த தரவு. ஆனபடியா இந்த நட்டத்த அவங்களால தாங்க ஏலும். நியாயப் புள்ளி, வெட்டச் சொல்லுது."

நான் எழுந்தேன். "சேர், கையால இறால் பிடிக்கிற பொம்பிளைகள்ட தரவு இதில இல்ல."

"பதிவு இல்லாத ஆக்கள எப்படிப் பிள்ளை சேர்க்கிறது? நாளைக்கு ஆரும் கேள்வி கேட்டா என்ன சொல்றது?"

"அப்ப அணைக்கு வெளிய இரிக்கிற காணி? அதுக்கும் பதிவு இல்லயே சேர்."

வயல்காரர் வரிசையிலிருந்து ஒருவர், "அதில விதைச்சது நெல்லுத்தானே? புல்லா?" என்றார். மண்டபம் சிரித்தது.

சேர் கையைக் காட்டி அமர்த்தினார். "அது கமநல சேவைப் பக்கத்தால உறுதிப்படுத்தித் தந்திரிக்காங்க. அப்படித்தானே?"

எல்லாரும் தோழியைப் பார்த்தார்கள். அவள் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "ஓம் சேர்" என்றாள்.

நான் அவளுடைய முகத்தை அவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவள் திரும்பவில்லை. மறுபக்கம் திரும்பினேன். அண்ணன் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அவரிடம் குனிந்து ஏதோ கேட்டார்கள். தொழிலாளர் பக்கத்தில் ஒருவரும் கத்தவில்லை. வேறு வருடமென்றால் கதிரை பறந்திருக்கும். அவர்கள் கொடுத்த தரவே அவர்களுக்கு எதிரே திரையில் நிற்கும்போது எதைச் சொல்லிக் கத்துவது?

மறுநாள் காலை ஆற்றுவாய்க்குப் போனேன். பெக்கோ இயந்திரம் மணலைக் கிண்டி இரண்டு பக்கமும் ஒதுக்கியது. முதலில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடியது. பிறகு அதுவே கரையை இடித்து இடித்து அகலமாகி, மண்ணிறமாகச் சுழித்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. பார்க்க வந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். வெள்ளம் ஓடும் வாயில் கடற்பறவைகள் கூட்டமாக விழுந்து விழுந்து எழும்பின. அவை எதைப் பொறுக்குகின்றன என்று எனக்குத் தெரியும். நான் அதிகநேரம் நிற்கவில்லை.

சில நாட்களில் எங்கள் பக்கத்துக் கரையோரம் சேறாகிவிட்டது. என்னோடு படித்தவள் வெறும் பானையோடு கரையேறி வந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டு நின்றாள்.

"என்ட பேர் அதில இருந்ததா?"

"இல்ல."

"ஆர் எடுத்தது?"

நான் அவளுடைய வெறும் பானையைப் பார்த்தேன்.

"நீயா?"

"இல்ல. சத்தியமா இல்ல."

"நீ இல்லாட்டி ஆர் எண்டு எனக்கு என்ன தெரியும்? அந்தக் கந்தோரில எனக்குத் தெரிஞ்சது உன்ன மட்டும்தான்."

அவள் சத்தம் போடவில்லை. சேற்றில் காலை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணனைச் செயலாளர் பதவியிலிருந்து விலகச் சொன்னார்கள். சங்கத்தில் ஒருவர், தங்கச்சிக்கு உத்தியோக உயர்வு கிடைக்க அண்ணன் எங்களை விற்றுவிட்டார் என்று அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கிறார். அண்ணிதான் வந்து எனக்குச் சொன்னார். நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலிலேயே நின்றார். "எழுதினத ஒருத்தரும் மாத்தேலா எண்டாய்" என்றார். உள்ளே போய்த் தோணிக்குரிய சாமான்களை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். நான் எவ்வளவு நேரம் நின்றாலும் வெளியே வரமாட்டார் என்று தெரிந்து திரும்பினேன்.

தோழியை அவளுடைய நிலையத்தில் போய்ப் பிடித்தேன். உரப் பசளை வாங்க வந்த ஆட்கள் வெளியே நின்றார்கள். அவள் என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனாள். வேப்பமரத்தின் கீழ் நின்றோம்.

"ஏன்கா?" என்று மட்டும்தான் எனக்குக் கேட்க வந்தது.

"தம்பிட காணி அதிலதான் இரிக்கு" என்றாள்.

அணையின் மேல் நின்று அவள் பேசியது எனக்கு ஞாபகம் வந்தது. "நீ சொல்லல்லயே."

"சொன்னா நீ என்ன நம்புவியா? தம்பிக்காகச் செய்றாள் எண்டுதானே நினைப்பாய். அதனாலதான் அண்டைக்கு நானே வேணாம் எண்டு சொன்னன். மெய்யாத்தான் சொன்னன். மறுகா தண்ணி ஏறிச்சு. போன வருசமும் அவனுக்கு வெள்ளாமை தாண்டு போச்சு. இந்த முறையும் போனா நான் வெளிநாட்டுக்குப் போறன் எண்டான். ரெண்டும் சின்னப் பிள்ளைகள். அம்மா என்னப் பார்த்து, நீ அந்தக் கந்தோரில இருந்து என்ன பிரயோசனம் எண்டு கேட்டா."

"அந்தப் பொம்பிளைகள எடுக்கச் சொன்னது ஆர்?"

"சேர்தான். பதிவில்லாததெல்லாம் எடுங்க எண்டார்." வேப்பிலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டே, "நான் ஆக்கள எடுத்தன். காணிய எடுக்கல்ல" என்றாள்.

"அவர் பார்த்தாரா?"

"பார்த்தார். இது என்ன எண்டு கேட்டார். சொன்னன். அவருக்கும் மேல இருந்து ஆரோ கோல் எடுத்துக்கொண்டே இருந்தாங்க, எப்ப வெட்டுறீங்க எண்டு. சரி விடுங்க எண்டார்."

"ஆஸ்பத்திரிக்கு வந்தயே. அப்ப சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தன். பிள்ளை படுத்திருந்த நிலையப் பார்த்து வாய் வரல்ல."

பொய் சொல்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. இன்றைக்கும் நினைக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் வீட்டுக்கு வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். என் மகளின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்த அந்த நேரத்திலும் அந்தக் கோப்பு சேரின் மேசையில் கிடந்திருக்கிறது. அவளுக்கு அது தெரியும், எனக்குத் தெரியாது. வெளியே பசளைக்காரர் கூப்பிட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

சேரிடம் பேச எனக்குச் சில நாட்கள் எடுத்தன. அவர் கோபப்படவில்லை, இருக்கச் சொன்னார், தேத்தண்ணி எடுப்பித்தார். "பிள்ளை, நூறு வீத நியாயம் எண்டு ஒண்டும் இல்ல. ஆனா பாருங்க, எத்தின வருசத்துக்குப் பிறகு இந்த முறைதான் அடிதடி இல்லாம முடிஞ்சிரிக்கு. அது உங்கட வெற்றிதானே" என்றார். அவர் அதை மனதார நம்பினார். அந்தப் பெண்களுடைய தரவை நியாயப் புள்ளியில் திரும்பச் சேர்க்க வேண்டும், அல்லது என் பெயரை அறிக்கையிலிருந்து எடுக்க வேண்டும் என்றேன். அறிக்கை ஏற்கெனவே கொழும்புக்குப் போய்விட்டது என்றார்.

பிறகு வேறு மாவட்டங்களிலிருந்து எங்கள் முறையைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குப் போட்டுக்காட்டிய முதல் படத்தில் நான் தராசைத் தூக்கிப் பிடித்திருந்தேன். பக்கத்தில் என்னோடு படித்தவள் ஈரத் தலையோடு நின்று சிரித்தாள். அந்தப் படத்தைத் தோழிதான் எடுத்தவள். வந்தவர்களில் தமிழ் தெரியாத ஒருவர், இவர்களைப் போன்ற மக்களையும் உள்வாங்கியது சிறப்பு என்று பாராட்டினார். நான் எழுந்து, "இவ இந்தக் கணக்கில இல்ல" என்றேன். அவர் மொழிபெயர்ப்புப் பிழை என்று நினைத்தாரோ என்னவோ, தலையாட்டிச் சிரித்தார். சேர் அடுத்த படத்துக்குப் போனார். அந்தக் கிழமையே வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். கிடைத்தது. இப்போது முதியோர் அடையாள அட்டை வேலை பார்க்கிறேன்.

தோழியைப் பயிற்சிகளிலும் கூட்டங்களிலும் காண்பதுண்டு. ஒருமுறை மத்தியானச் சாப்பாட்டுக்கு எனக்கு எதிரே வந்து இருந்தாள். மகள் எப்படி என்று கேட்டாள். நல்லா இருக்கிறாள் என்றேன். தம்பி வெளிநாட்டுக்குப் போய்விட்டான் என்றாள். அந்தக் காணி இப்போது குத்தகைக்காம். எனக்கு அதைக் கேட்டுச் சந்தோசமும் வரவில்லை, கவலையும் வரவில்லை. "நீ என்ன மன்னிக்க மாட்டாய், என்ன?" என்றாள். இல்லை என்றேன். அவள் கொஞ்ச நேரம் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

அடுத்த மாரியில் நியாயப் புள்ளி எடுக்கப் புதிதாக ஒரு பிள்ளையைப் போட்டார்கள். இரண்டு சங்கங்களும் தரவு தரமுடியாது என்று மறுத்துவிட்டன. இறால் தடவும் பெண்கள் அந்தப் பிள்ளையைக் கண்டதும் கரையேறாமல் ஆற்றுக்குள்ளேயே நின்றார்களாம். அந்தப் பிள்ளை என்னிடம் வந்து என்ன செய்வது என்று கேட்டது. மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது, வெறுமையாக விடுங்கள் என்றேன். வெறுமையாக விட விடவில்லை. ஆற்றுப் பக்கத்துக்குப் பழைய வருடத்துப் பிடிபாட்டையே போட்டுவிட்டார்கள். அண்ணனும் மற்றவர்களும் என் முகத்துக்காக ஒளிக்காமல் சொன்ன அந்த நல்ல வருடத்தின் பிடிபாடு. நான் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தேன். பதில் வரவில்லை. தூண்கள் போன முறை நின்ற மாதிரியே நின்றன.

முடிவு வந்த பின்னேரம் கந்தோர் வாசலில் நின்று அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த ஒரு வருடத்தில் என் அழைப்பை அவர் எடுத்ததில்லை. அன்றைக்கு எடுத்தார்.

"அண்ணே, வெட்டப் போறாங்க."

"எப்ப?"

"நாளைக்குக் காலையில."

பின்னால் தோணியில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. ஆற்றில்தான் நின்றார்.

"சரி. தண்ணி இழுக்க முன்னம் வலைய எடுக்கிறன்" என்றார். பிறகு தொடர்பைத் துண்டித்தார்.